படிக்கச் சென்ற நாட்டைச் சுற்றிப் பார்ப்பதும் படிப்பே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டுப் படிப்பு குறித்து வரும் செய்திகளை நான் கல்லூரி நாட்களிலிருந்தே விடாமல் வாசித்து வருகிறேன். எந்த நாட்டில் எந்தப் பாடத்துக்கு மதிப்பு, கல்விக்கடனுக்கு என்ன பிணை, விசாவுக்கு எவ்வளவு முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் நான் அறிந்துகொண்டது அந்தப் பக்கத்திலிருந்துதான். ஆனால் அந்தச் செய்திகள் எல்லாமே மாணவர் விமானம் ஏறுவதோடு முடிந்துவிடுகின்றன. அங்கே போய் இறங்கிய பிறகு, வகுப்பில்லாத நாட்களில் அவர் என்ன செய்வார், யாரோடு பழகுவார், தான் வாழப்போகும் நாட்டை எப்படித் தெரிந்துகொள்வார் என்பதைப் பற்றி ஒரு வரியைக் கூட நான் எங்கும் வாசித்ததாக நினைவில்லை. 2022 ஏப்ரல் முதல் இரண்டு ஆண்டுகள் ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியில் இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் படித்தவன் என்ற முறையில், இந்தக் குறையைப் பற்றித் தங்கள் வாசகர்களோடு, குறிப்பாகப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தபடி காத்திருக்கும் பெற்றோரோடு, சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஜெர்மனி சென்ற மூன்றாம் மாதத்தில் நண்பர்களோடு ஓர் ஏரிக்கரையில் நின்று எடுத்த படம் ஒன்றை வீட்டுக்கு அனுப்பினேன். அன்றிரவே அப்பா அழைத்தார். "படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?" என்று கேட்டார். அவர் மீது எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. வங்கியில் கையெழுத்திட்டவர் அவர்; மாதத் தவணை எவ்வளவு என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர். ஆனால் அந்தக் கேள்வி என் வீட்டில் மட்டும் கேட்கப்பட்ட கேள்வி அன்று. உடன் படித்த தமிழ் மாணவர்களில் பலரும் இதே சொற்களைக் கேட்டிருக்கிறார்கள். சிலர் அதற்குப் பயந்து படங்களை வீட்டாருக்குக் காட்டாமல் மறைத்தார்கள், வேறு சிலர் பயணமே வேண்டாம் என்று இரண்டு ஆண்டுகளை அறைக்கும் வகுப்பறைக்கும் இடையிலேயே கழித்துவிட்டுப் பட்டத்தோடு திரும்பினார்கள். நம் மொழியில் 'ஊர் சுற்றுவது' என்றால் பொறுப்பில்லாமல் திரிவது என்ற பொருள் ஊறிப்போய்விட்டது. திரைகடல் ஓடித் திரவியம் தேடச் சொன்ன சமூகம், கடல் கடந்து போன பிள்ளை அந்த நிலத்தை நடந்து பார்ப்பதை மட்டும் ஏன் வீண் என்று கருதவேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அந்த ஏரிக்கரைப் படம் எடுக்கப்பட்ட கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதங்களுக்கு, எரிபொருள் விலையேற்றத்தால் திணறிய மக்களுக்கு உதவுவதற்காக ஜெர்மானிய அரசு ஒரு பயணச்சீட்டை அறிமுகப்படுத்தியது. மாதத்துக்கு 9 யூரோ செலுத்தினால், அதிவேக வண்டிகளைத் தவிர்த்து, நாடு முழுவதும் உள்ளூர் மற்றும் வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யலாம். மாணவர்களுக்கு அது புதையல் கிடைத்தது போல் இருந்தது. வகுப்புத் தோழர்களாகிய நாங்கள் ஐவர், அதாவது நானும், வியட்நாம், கொலம்பியா, மொராக்கோ, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த நால்வரும், ஸ்டுட்கார்ட்டிலும் உல்மிலும் வண்டி மாறி முனிச் சென்று, மறுநாள் அங்கிருந்து தெற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள டெகர்ன்சே ஏரிக்குப் புறப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டியில் நிற்கவும் இடமில்லை. மூவர் ஒரு பெட்டியிலும், நானும் வியட்நாம் தோழியும் வேறொரு பெட்டியிலுமாக எப்படியோ ஏறிவிட்டோம்.

அந்த வழித்தடத்தில் ஒரே வண்டியாகப் புறப்படுவது உண்மையில் மூன்று வண்டிகளின் தொகுப்பு. ஹோல்ட்ஸ்கிர்ஷன் என்ற நிலையத்தில் ஒரு பகுதியைக் கழற்றி பைரிஷ்செல் என்ற ஊர்ப்பக்கம் அனுப்புவார்கள். எஞ்சிய பகுதி ஷாஃப்ட்லாக் நிலையத்தில் மறுபடியும் இரண்டாகப் பிரியும். பகுதிகளுக்கு இடையே உள்ளே நடந்து கடக்க வழி கிடையாது. இதையெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டேதான் வந்தார்கள், ஆனால் ஜெர்மன் மொழியில். எங்கள் காதில் அது வெறும் இரைச்சலாகவே விழுந்தது. ஹோல்ட்ஸ்கிர்ஷனைத் தாண்டிய பிறகு வண்டி முன்பைவிடக் குட்டையாகிவிட்டதையும், நண்பர்களின் கைப்பேசி காட்டிய புள்ளி எங்களை விட்டு விலகிக்கொண்டே போவதையும் பார்த்துத் திகைத்து நின்றபோது, எதிரே அமர்ந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். தம் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மடித்து வைத்திருந்த செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அதை மூன்று கிளைகளாகப் பிரித்து, நாங்கள் இருக்கும் கிளையின் மீது விரலை வைத்து, "ட்ஸூக்டைல்" என்ற சொல்லை மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வண்டியின் பகுதி என்பது அதன் பொருள். பிறகு அந்தக் கிளையின் நடுவே ஒரு வட்டம் வரைந்து, அங்கேயும் ஓர் ஏரி இருக்கிறது, அங்கே இறங்குங்கள் என்று சைகையால் காட்டினார். அது ஷ்லியர்சே ஏரி. நான் வீட்டுக்கு அனுப்பிய படம் அங்கே எடுத்ததுதான். மாலையில் ஹோல்ட்ஸ்கிர்ஷன் நிலைய நடைமேடையில்தான் ஐவரும் மறுபடி ஒன்றுசேர்ந்தோம்.

இதை ஒரு வேடிக்கைக் கதையாக நான் சொல்லவில்லை. அன்றுவரை நான் பல்கலைக்கழகத்தின் மொழி வகுப்பில் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்து தேர்வெழுதியவனே ஒழிய, ஓர் அந்நியரிடம் ஜெர்மனில் ஒரு கேள்வி கேட்கும் துணிச்சல் இல்லாதவன்; பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்ததால் அதற்கான தேவையும் வரவில்லை. அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் ஐவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பயணத்தின்போது வழி கேட்பது, சீட்டு வாங்குவது, உணவகத்தில் பேசுவது எல்லாவற்றையும் முறைவைத்து ஆளுக்கொரு நாள் ஜெர்மனில் மட்டுமே செய்வது என்று முடிவெடுத்தோம். தவறாகப் பேசினால் திருத்துவதற்கு நால்வர் உடன் இருக்கிறார்கள் என்பதால் கூச்சம் போய்விட்டது. இரண்டாம் ஆண்டில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பணிக்கான நேர்காணலில், பாதி உரையாடலை என்னால் ஜெர்மனில் நடத்த முடிந்ததற்குக் காரணம் மொழி வகுப்பைவிட இந்தப் பயணங்களே என்று உறுதியாகச் சொல்வேன்.

பாடத்துக்கும் பயணத்துக்கும் தொடர்பே இல்லை என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளெரி பொறிகளைப் பற்றி மூன்று பாடங்கள் படித்தவன் நான். கார்ல் பென்ஸ் 1886-இல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார் என்பது எனக்குப் பள்ளியிலிருந்தே தெரியும். ஆனால் அந்த வண்டி நெடுந்தூரம் ஓடும் என்பதை உலகுக்குக் காட்டியவர் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் என்பதும், 1888 ஆகஸ்டில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் அவர் அதை ஓட்டிச் சென்றார் என்பதும், வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லொக் என்ற சிற்றூரின் மருந்துக்கடையில் துணிக் கறை நீக்கப் பயன்படும் ஒரு திரவத்தை வாங்கி ஊற்றினார் என்பதும் அந்த ஊருக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. நாங்கள் வசித்த பகுதியிலிருந்து அது உள்ளூர் ரயில் தூரம்தான். நிலையத்திலிருந்து ஊருக்குள் சில கிலோமீட்டர் நடந்து அந்த மருந்துக்கடைக் கட்டடத்தின் முன் நின்றபோது, அடைபட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் திறந்ததையும், தேய்ந்த தடுப்புக்கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிக்கச் செய்ததையும் கொலம்பிய நண்பர் தம் கைப்பேசியில் தேடி எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அந்தப் பயணத்தின் அனுபவத்தைக் கொண்டுதான் தடுப்பு அமைப்பும் மேட்டில் ஏறுவதற்கான பல்லிணையும் மேம்படுத்தப்பட்டன. சோதனை ஓட்டம் என்பதன் பொருள் எனக்கு அந்தக் கடைவாசலில்தான் விளங்கியது.

உல்ம் நகரத்துத் தேவாலயத்தையும் அப்படி ஒரு வண்டி மாறும் இடைவெளியில்தான் பார்த்தோம். 1377-இல் அடிக்கல் நாட்டிய அந்தக் கட்டடத்தின் கோபுரம் 1890-இல்தான் முடிந்தது. 161 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம், 768 படிகள். ஏறி முடித்தபோது எங்கள் அடுத்த வண்டி போய்விட்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இத்தனை பயணங்களிலும் என்னை மிகவும் மாற்றியது ஃப்ரைபர்க் நகரத்துத் தெரு ஒன்றில் கழித்த அரைமணி நேரம். அங்கே வீடுகளின் முன்னால் நடைபாதைக் கற்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவிலான, பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கும். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-இல் தொடங்கிய பணி அது. இன்று ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் இருக்கின்றன. நாஜிகளால் துரத்தப்பட்ட, கொல்லப்பட்ட மனிதர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன்னால் அவை பதிக்கப்படுகின்றன. பெரும்பாலானவை 'இங்கு வாழ்ந்தார்' என்றே தொடங்கும்; அதன் கீழ் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுசெல்லப்பட்ட இடம். எழுத்து சிறியது என்பதால் வாசிக்க வேண்டுமானால் குனிந்தே ஆக வேண்டும். ஒரே வாசலில் நான்கு தகடுகள் இருந்தன, ஒரு குடும்பமாக இருக்கவேண்டும். நான்கிலும் 1940 என்ற ஆண்டும் 'கூர்ஸ்' என்ற ஊர்ப்பெயரும் இருந்தன. அது எந்த இடம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தோம். 1940 அக்டோபர் 22 அன்று, ஃப்ரைபர்க் அடங்கிய பாடன் மாநிலத்திலிருந்தும் அண்டைப் பகுதியிலிருந்தும் ஏறத்தாழ 6,500 யூதர்களை ஒரே மூச்சில் வீட்டைவிட்டு வெளியேற்றி, பிரான்சின் தெற்கில் இருந்த கூர்ஸ் முகாமுக்கு ரயிலில் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் அன்று காலை வந்து இறங்கியதும் அதே மாநிலத்தின் ரயில் பாதையில்தான். வியட்நாம் தோழி வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு, தன் பாட்டி போரில் இழந்த தம்பியின் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை என்று மெல்லச் சொன்னாள். ஓராண்டு ஒன்றாகப் படித்தும் அவள் குடும்பத்தைப் பற்றி அவள் எங்களிடம் பேசிய முதல் சொல் அது.

தமிழ் மாணவர்கள் தமிழ் மாணவர்களோடு மட்டும் சேர்ந்து வாழ்வது எளிது; சமையல், மொழி, திருவிழா எல்லாம் சேர்ந்தே இருக்கும். அந்த நட்பும் தேவையே, காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் படிக்கச் சென்ற நாட்டை, வேறு வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து பார்க்கும்போது ஒரே காட்சியை ஐந்து பேர் ஐந்து விதமாகப் பார்க்கிறோம். மொராக்கோ நண்பருக்குத் தேவாலயத்தின் வளைவுகளில் தம் ஊர்க் கட்டடங்கள் தெரிந்தன; இந்தோனேசிய நண்பருக்கு எரிமலைப் பாறை எது என்று தொட்டாலே தெரிந்தது. எந்தப் பாடத்திட்டத்திலும் இதற்கு மதிப்பெண் கிடையாது.

செலவைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது முழுக்க நியாயம். ஒரு மாணவர் ஜெர்மனிக்கு வரும்போதே ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோவை 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் முடக்கிவைத்த வங்கிக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கிறது. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும். வாடகையும் காப்பீடும் போக மிஞ்சுவது சொற்பம். ஆகவே பயணத்துக்கான பணத்தை வீட்டிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது என்பதே என் கருத்து. 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்ய அனுமதி இருக்கிறது. அந்த வருமானத்தில் ஒரு சிறு பகுதி போதும். 9 யூரோ சீட்டின் தொடர்ச்சியாக 2023 மே மாதம் நாடு முழுவதற்குமான மாதாந்திரச் சீட்டு வந்தது. பல பல்கலைக்கழகங்களில் அதை மாணவர்கள் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்துக் குறைந்த விலையில் பெறுகிறார்கள். அதாவது ரயில் கட்டணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, பயன்படுத்தாமல் விடுவதுதான் வீண். தங்குவதற்கு இளையோர் விடுதிகள் இருக்கின்றன. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தோற்றுவித்த ஏற்பாடு அது. 1912-இல் ஆல்டெனா கோட்டையில் தொடங்கிய முதல் விடுதியிலிருந்து உலகம் முழுவதும் பரவியது. ஐந்து பேர் ஒரே அறையில் மாடிக் கட்டில்களில் படுத்து, விடுதிச் சமையலறையில் சமைத்துச் சாப்பிட்டால் இரண்டு நாள் பயணம் ஒரு பாடப்புத்தகத்தின் விலைக்குள் அடங்கிவிடும்.

கவனமாக இருக்க வேண்டியவையும் உண்டு. ஜெர்மனியின் குடியிருப்பு அனுமதி அட்டை உள்ளவர்கள் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே பொது விசா ஏற்பாட்டில் இணைந்த ஐரோப்பிய நாடுகளுக்கு, தனி விசா இல்லாமல் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை செல்லலாம். ஆனால் அட்டையோடு பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். கேல் என்ற எல்லையோர ஊரிலிருந்து ரைன் ஆற்றுப் பாலத்தின் மீது டிராம் ஏறினால் சில நிமிடங்களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் வந்துவிடும் என்பதால், எல்லை என்ற நினைப்பே இல்லாமல் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டு வந்தார் எங்களில் ஒருவர். திரும்பும்போது சோதனையில் அரைமணி நேரம் அவர் பதில் சொல்லி நின்றது எங்கள் எல்லோருக்கும் பாடம். அனுமதி அட்டை இன்னும் கைக்கு வராமல் தற்காலிகச் சான்றோடு இருப்பவர்கள் எல்லை தாண்டும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதே நல்லது. அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்புறம் உள்ள ஐரோப்பிய மருத்துவ அட்டையை நம்பிச் சுவிட்சர்லாந்துக்கும் டென்மார்க்குக்கும் போகிறவர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டுக் குடிமக்களுக்கு அது அங்கே செல்லாது என்பதை அறியாமல் போகிறார்கள். சில யூரோவில் கிடைக்கும் பயணக் காப்பீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நீர்நிலைகள். ரைன் ஆறு கரையில் நின்று பார்க்க அமைதியாகத் தெரியும். உள்ளே நீரோட்டம் மிக வேகமானது, சரக்குக் கப்பல் ஒன்று கடந்தால் கரையோர நீரையே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மலை ஏரிகளின் குளிர் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் செயலிழக்கச் செய்யும். வெயில் நாளில் நண்பர்கள் இறங்குகிறார்களே என்று இறங்காதீர்கள் என நான் புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்து நாளில் எட்டு நாடு என்று ஓடி, ஒவ்வொரு ஊரிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடிக்கும் பயணத்தை நான் ஆதரிக்கவில்லை. அதில் செலவும் களைப்பும்தான் மிச்சம். செமஸ்டர் விடுமுறை என்று பெயர் இருந்தாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களும் பலருக்குத் தேர்வுக்காலம் என்பதையும், ஒரு தேர்வைக் குறிப்பிட்ட முறைக்கு மேல் தவறினால் அந்தப் படிப்பையே தொடர முடியாமல் போகலாம் என்பதையும் மறந்து பயணம் போனவர்கள் பட்ட பாட்டை நேரில் கண்டிருக்கிறேன். தேர்வுத் தேதிகள் வெளியான பிறகே நாங்கள் பயணத் தேதிகளைக் குறித்தோம். பெரும்பாலும் ஒரு நாள் பயணம், மாதத்துக்கு ஒன்று. எங்கள் ஐவரில் எவருக்கும் மதிப்பெண் குறையவில்லை.

எனவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்விப் பக்கத்தில் மாதம் ஒரு முறையேனும், வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் தாம் வாழும் நாட்டைப் பற்றி, அதன் ரயில் சீட்டுகள், விடுமுறை விதிகள், காப்பீடு, பார்க்கவேண்டிய சிற்றூர்கள் ஆகியவற்றைப் பற்றித் தாமே எழுதும் ஒரு பகுதியைத் தொடங்க வேண்டும். ஜெர்மனி, அயர்லாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடுவதால், அங்கே இருப்பவர்கள் எழுதினால்தான் அது பயன்படும். பெற்றோரும் அதை வாசித்தால், பிள்ளை அனுப்பும் படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குப் புரியும். இரண்டாம் ஆண்டுக் கோடையில் நான் ஃப்ரைபர்க் தகடுகளின் படத்தை அப்பாவுக்கு அனுப்பி, நடந்ததை எழுதினேன். அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். ஊர் சுற்றுவது பற்றி அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்து எங்கே போகிறாய் என்றுதான் கேட்டார்.

அப்படியொரு பகுதி தொடங்கப்பட்டால், ஜெர்மனியைப் பற்றிய முதல் சில கட்டுரைகளை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்